வலது பக்க இருக்கை: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் என் முதல் மாணவனைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விமானப் பயிற்றுநர் வேலையைப் பற்றித்தான் கேட்கின்றன. பெரும்பாலும் நம் வடசென்னைக் கடிதங்கள். நான் பிறந்து வளர்ந்ததும் ராயபுரம்தான். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே வைத்துக்கொள்கிறேன்.

அக்கா, வணக்கம். எனக்கு 25 வயது. கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்கி 14 மாதம் ஆகிறது. ஏர்லைன் எதுவும் கூப்பிடவில்லை. டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட வகைப் பெரிய விமானத்தை ஓட்டும் தகுதி) செய்யக் கையில் பணம் இல்லை. அப்பா ஹார்பருக்கு லாரி ஓட்டுகிறார், பேங்க் தவணையும் அவர் தலையில். ‘இன்ஸ்ட்ரக்டர் கோர்ஸ் பண்ணு’ என்று ஒருவர் சொன்னார். கூடப் படித்தவர்களோ, ‘ஏர்லைன் கிடைக்காதவங்கதான் அதுக்குப் போவாங்க’ என்கிறார்கள். போகலாமா? அதில் என்னதான் சொல்லித் தருவார்கள்?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

தங்கச்சி, உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் சும்மா இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். விடியற்காலையில் அப்பா வண்டி எடுக்கக் கிளம்பும் சத்தம் கேட்கும். விழித்துக்கொண்டாலும் எழுந்து போய் அவர் முகத்தைப் பார்க்க மனசு வராது. நானும் அப்படிப் படுத்துக் கிடந்திருக்கிறேன்.

முதலில் அந்தப் பேச்சை முடித்துவிடுவோம். பீச் ஸ்டேஷனில் ஏறினால் லோக்கல் வண்டி கடைசியில் போய் நிற்கிற தாம்பரத்தில், விமானப்படைத் தளத்துக்குள், பயிற்றுநர்களை உருவாக்குவதற்கென்றே ஒரு பள்ளி இருக்கிறது. 1948-ல் அம்பாலாவில் தொடங்கி 1954-ல் தாம்பரத்துக்கு வந்தது. நம் விமானப்படையில் பறக்கக் கற்றுக்கொடுப்பவர்கள் அங்கேதான் தயாராகிறார்கள். ஏற்கெனவே நன்றாகப் பறந்து அனுபவப்பட்டவர்களைத்தான் அந்தப் பள்ளிக்கு எடுக்கிறார்கள். அது படையினருக்கானது, நீ போய்ச் சேர முடியாது. ஆனாலும் இன்ஸ்ட்ரக்டர் என்றால் மிச்சம் மீதி என்று யாராவது சொன்னால், நம் ஊரிலேயே இருக்கிற அந்தப் பள்ளியை நினைத்துக்கொள்.

அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஏர்லைன் கூப்பிடும்வரை மணிக்கணக்கை ஏற்றிக்கொள்ளலாம் என்று மட்டுமே வருகிறவர்கள் உண்டு. மாணவன் பக்கத்தில் உட்கார்ந்து பறந்தால் அந்த நேரம் பயிற்றுநரின் லாக்புக்கில், அதாவது பறந்த நேரப் பதிவேட்டில், ஏறும். அதில் தப்பில்லை, நீயும் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஏர்லைனில் பின்னால் கேப்டன் ஆக வேண்டுமென்றால் 1,500 மணி நேரம் கேட்கிறார்கள் அல்லவா? ஆனால் மணி மட்டுமே குறி என்றால், பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு ஒன்றும் போய்ச் சேராது. அவனும் உன் அப்பா மாதிரி ஒருவர் கட்டிய பணத்தில்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறான்.

சரி, என்ன சொல்லித் தருவார்கள் என்று கேட்டாய். என் அப்பாவிலிருந்து தொடங்குகிறேன்.

அப்பா ஹார்பரில் கிரேன் ஆபரேட்டர். கப்பலின் அடியிலிருந்து சரக்கைத் தூக்கிக் கரையில் நிற்கிற லாரியில் இறக்குவது வேலை. புதிதாகச் சேரும் பையன்களை அவரிடம்தான் விடுவார்கள். பையனைச் சீட்டில் உட்கார வைத்துவிட்டு இவர் பின்னால் நிற்பார். நின்றதும் செய்கிற முதல் காரியம், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வது. வீட்டில் ஒருநாள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஏன் என்று கேட்டேன். “முன்னால தொங்கவுட்டா அது தானா லீவராண்ட போயிடும்மா. நான் புட்ச்சிட்டா அவன் எப்போ கத்துக்குவான்?” என்றார். ஆபத்து வந்தால்? “அப்போ சட்டுனு அவுக்கணும். அதுக்கு ஒரு நிமிசம் முன்னாடி அவுத்தாலும் அவனுக்கு நஷ்டம்.”

இதைக் கேட்டு வளர்ந்த நானே என் முதல் வருஷத்தில் கோட்டை விட்டேன். மத்திய இந்தியாவில் ஒரு சின்ன விமான தளம். என்னிடம் ஒரு மாணவன் இருந்தான், நல்ல பையன். மேலே எல்லாம் சரியாகச் செய்வான். லேண்டிங் மட்டும் வரவில்லை.

உனக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். செஸ்னா மாதிரி சின்ன விமானம் 60 நாட், அதாவது மணிக்கு 110 கிலோமீட்டர் சுமாரான வேகத்தில் ரன்வே முனையைத் தாண்டி வரும். தரைக்கு 15, 20 அடி இருக்கும்போது மூக்கை மெல்ல உயர்த்தி இறக்கத்தை நிறுத்த வேண்டும். வேகம் தீரத் தீர யோக்கை (விமானத்தின் ஸ்டீயரிங்) இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பின்னால் இழுத்து, சக்கரம் தொடவிடாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கண் ரன்வேயின் தூரத்து முனையில் இருக்க வேண்டும். கடைசியில் இறக்கைக்குக் கீழே உள்ள இரண்டு சக்கரமும் தானாகத் தொடும், அப்புறம் மூக்குச் சக்கரம். இதற்கு ஃப்ளேர் என்று பெயர். எல்லாம் சேர்த்து நாலைந்து விநாடிதான். அப்பா பாஷையில் சொன்னால், சரக்கைத் தரையில் போடக்கூடாது, வைக்க வேண்டும்.

30 மணி நேரம் ஆகியும் அவனைத் தனியாக அனுப்ப முடியவில்லை. பயிற்சிப் பதிவேட்டில் ‘ஃப்ளேரில் உயரம் கணிக்கத் தெரியவில்லை’ என்று எழுதி எழுதி வைத்தேன். தலைமைப் பயிற்றுநர் ஒருநாள் காலையில் செஸ்னா 172-ன் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மூன்று சுற்று சுற்றினோம், ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே வந்து டீ குடிக்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அந்தப் பையன் இதுவரை ஒரு லேண்டிங்கூடச் செய்யவில்லை. எல்லாம் நீ செய்தது” என்றார். 15 அடி உயரம் வந்ததும் என் இரண்டு விரல் யோக்கின் பின்னால் போய்விடுகிறதாம். சத்தியமாக எனக்குத் தெரியாது. பையனுக்கும் தெரியாது. யோக் லேசாக நகருவது அவன் கையில் பட்டிருக்கும், அதைத் தான் செய்ததாகவே நினைத்திருப்பான். நான் சரி செய்கிற வரை அவனும் ஒவ்வொரு முறையும் காத்திருந்திருக்கிறான்.

அவனுடைய எத்தனை மணி நேரம், எத்தனை ரூபாய்! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் கையை முழங்காலில் வைத்துக்கொண்டேன், யோக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில். முதல் லேண்டிங் தூக்கிப் போட்டது. இரண்டாவதும்தான். குரலில் மட்டும் “பிடி, பிடி, இன்னும் தொடவிடாதே” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாவதில் அவனாகவே வைத்தான். அந்த வாரமே தனியாகப் பறந்தான்.

பயிற்றுநர் பயிற்சி என்பது பெரும்பகுதி இதுதான். உனக்குப் பறக்கத் தெரியும். இனி அதைப் பயிற்றுநர் உட்காரும் வலது பக்க இருக்கையிலிருந்து முதலில் இருந்து கற்க வேண்டும். இதுவரை இடது கையில் யோக், வலது கையில் த்ராட்டில் (எஞ்சின் பவரைக் கூட்டிக் குறைக்கும் பிடி). இனி மாறிப் போகும். வேகம் காட்டும் மீட்டர் இடது மூலையில் இருப்பதால் சாய்வாகத்தான் தெரியும். ரன்வேயின் நடுக்கோடும் வேறு இடத்தில் தெரியும். முதல் சில மணி நேரம் விமானத்தைக் கோணலாக வைப்பாய். அதற்குப் பயந்துவிடாதே, எல்லோருக்கும் அப்படித்தான்.

அதைவிடக் கஷ்டம் பேசுவது. பேட்டர் என்று சொல்வோம். கை செய்வதை அதே நொடியில் வாய் சொல்ல வேண்டும். முந்தினால் மாணவன் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் முழிப்பான், பிந்தினால் காட்சி போய்விடும். இடது பக்கம் திரும்பும் ஒரு சாதாரணத் திருப்பத்துக்கு நான் வீட்டு மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, துடைப்பக் கட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் பேசிப் பழகினேன். “பார், இடது பக்கம் விமானம் இல்லை. இப்போது சாய்க்கிறேன். மூக்கு விழப் பார்க்கிறது, சற்றே இழுக்கிறேன்.” இவ்வளவுதான் வாக்கியம். இதில் ஒரு சொல் அதிகமானாலும் திருப்பம் முடிந்துவிடும்.

அப்புறம் வெள்ளைப் பலகை. ஒவ்வொரு பறத்தலுக்கும் முன்னால் பாடம், பின்னால் அலசல். தேர்வாளர் முன்னால் நின்று பாடம் எடுத்துக் காட்ட வேண்டும், பறந்தும் காட்ட வேண்டும். நம் நாட்டில் விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ முதலில் உதவிப் பயிற்றுநர் தகுதிதான் தரும். அதோடு ஒரு முழுப் பயிற்றுநரின் மேற்பார்வையில் கற்றுக்கொடுத்துப் பழகிய பிறகே முழுத் தகுதி. ஒரு மாணவனை முதல் முறை தனியாக அனுப்பும் முடிவு முழுப் பயிற்றுநருடையது. அந்த ஏற்பாடு நல்லது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து இறங்கி, ஒரு பிள்ளையைத் தனியாக அனுப்பிவிட்டுக் காற்றின் திசை காட்டும் துணிப்பை பக்கத்தில் நிற்கிற அந்த ஆறேழு நிமிஷத்துக்கு மனசு பக்குவப்பட வேண்டும்.

போகலாமா என்று கேட்டாய். ஒன்று செய்து பார். உன் தெருவில் ஸ்கூட்டி ஓட்டத் தெரியாத ஒரு பெண்ணுக்கு, ஹேண்டில்பாரைத் தொடாமல், பின்னால் உட்கார்ந்து வெறும் வாயாலேயே கற்றுக்கொடு. காலியான கிரவுண்டாகப் பார்த்து. அவளாக முதல் வளைவைத் திரும்பும்போது உனக்குள் என்ன நடக்கிறது என்று கவனி. எரிச்சல்தான் மிச்சம் என்றால் இந்த வேலை வேண்டாம், வேறு வழி பார்ப்போம். அவளைவிட உனக்குச் சந்தோஷம் அதிகம் என்றால் தயங்காதே.

பணம் கட்டும் முன் அந்தப் பள்ளியில் மூன்று விஷயம் கேட்டுக்கொள். வலது சீட் பயிற்சிக்கு ஓடுகிற நிலையில் எத்தனை விமானம் இருக்கிறது? உனக்குக் கற்றுத்தரப்போகிறவர் யார், அவர் எத்தனை வருஷமாகக் கற்றுக்கொடுக்கிறார்? கோர்ஸ் முடிந்ததும் அங்கேயே வேலை தருவார்கள் என்றால் அதை எழுத்தில் தருவார்களா? மொத்தப் பணத்தையும் முன்னதாகக் கட்டாதே. நான் முழுசாகக் கட்டிவிட்டு, விமானம் ஒர்க்ஷாப்பில் நிற்க, ஐந்து மாதம் ஹாஸ்டலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் பிஎஃப் பணம் அது.

மேடம், நான் மாநகராட்சிப் பள்ளியில் 28 வருடமாக இயற்பியல் ஆசிரியை. விமானம் ஓட்டத் தெரிந்தால் போதாதா, கற்பிக்கும் முறையையும் படிக்க வேண்டுமா? எங்கள் பி.எட். மாதிரி ஏதாவது உண்டா?
– ஓர் ஆசிரியை, பழைய வண்ணாரப்பேட்டை

டீச்சர், உங்கள் கடிதம் வந்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. மாநகராட்சிப் பள்ளியில் உங்களைப் போன்ற ஓர் இயற்பியல் டீச்சரால்தான் நான் விமானத்துக்கே வந்தேன்.

உண்டு. நம் நாட்டிலும் உண்டு, அமெரிக்காவில் அதற்கென்று தனியாக ஓர் எழுத்துத் தேர்வே வைத்திருக்கிறார்கள். அதில் விமானத்தைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. மனிதன் எப்படிக் கற்கிறான், ஏன் மறக்கிறான், பயந்தவன் எப்படி நடந்துகொள்வான் என்பதுதான் பாடம். எட்வர்ட் தார்ன்டைக் வகுத்த கற்றல் விதிகள், நீங்கள் பி.எட்.டில் படித்தவைதான், அங்கேயும் வரும். அவற்றோடு பின்னால் சேர்க்கப்பட்டதில் ஒன்று, முதலில் கற்றதே ஆழமாகப் பதியும் என்ற விதி. எங்கள் தொழிலில் அதன் பொருள் கடுமையானது. முதல் பத்து மணி நேரத்தில் தப்பாகப் பழகிய கை, பத்து வருஷம் கழித்து ஒரு நெருக்கடியில் அதே தப்பைத்தான் செய்யும்.

கற்றலை நாலு படியாகப் பிரிக்கிறார்கள்: மனப்பாடம், புரிதல், செய்து காட்டுதல், ஒன்றை இன்னொன்றோடு பொருத்திப் பார்த்தல். நம் பிள்ளைகள் முதல் படியில் கெட்டி என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். செஸ்னா 152-ல் கார்புரேட்டர் உள்ள எஞ்சின். பவரைக் குறைக்கும் முன் ‘கார்ப் ஹீட்’ என்ற குமிழை இழுத்து, சூடான காற்றை எஞ்சினுக்குள் விட வேண்டும். எல்லா மாணவர்களும் ஒப்பிப்பார்கள். ஏன் என்று கேட்டால், “கார்புரேட்டரில் ஐஸ் பிடிக்கும் மேடம்.” அதுவும் மனப்பாடம்தான். வெளியே 25 டிகிரி வெயில் அடிக்கிறதே, ஐஸ் எங்கிருந்து வரும் என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும்.

நான் ஒரு மண்பானையைக் கொண்டுபோய் மேசைமேல் வைப்பேன். பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? கசிகிற நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதேபோலத்தான், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் சூட்டை உறிஞ்சுகிறது. குறுகிய வழியில் காற்று வேகமெடுத்து அழுத்தம் குறைவதும் சேர்ந்துகொள்கிறது. காற்றில் ஈரம் இருந்தால் அது உள்ளே பனியாகப் படியும். நம் மார்கழி மாதக் காலைக் காற்று போதும். ஒரு தடவை, ஒரு பெண் கையைத் தூக்கி, “அப்போ எஞ்சின் சுற்று காரணமில்லாமல் குறைந்தால், வெயில் நாளில்கூட, முதலில் இந்தக் குமிழைத்தான் இழுக்கணுமா?” என்றாள். நாலாவது படிக்கு அவள் தானே ஏறிவிட்டாள். நான் கூடுதலாகச் சொன்னது ஒன்றுதான்: இழுத்ததும் உருகிய நீர் உள்ளே போவதால் எஞ்சின் சற்று முரண்டு பிடிக்கும், பயந்துபோய்க் குமிழை மூடிவிடாதே.

28 வருஷம் வகுப்பு எடுத்த உங்களுக்கு அந்தக் கை தூக்கும் நொடி எப்படிப்பட்டது என்று தெரியும். விமானம் தெரிந்தவர்கள் நிறையப் பேர். பானையை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. ஓய்வு பெற்ற பிறகு விமானப் பள்ளிகளின் தரைப்பாட வகுப்புகளுக்கு வானிலையும் எஞ்சினும் எடுக்க முயன்று பாருங்கள் என்று உங்களை மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

சிஸ்டர், பிளஸ் டூவில் காமர்ஸ் படித்தேன். இங்கிலீஷும் தடுமாறும். எனக்கு வழி இருக்கிறதா?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

இருக்கிறது தம்பி. பைலட் லைசென்ஸுக்கு இயற்பியலும் கணிதமும் கேட்கிறார்கள் என்று காமர்ஸ் படித்த எத்தனையோ பேர் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டு பாடத்தை மட்டும் எழுதித் தேறி, பிறகு லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம்.

ஆங்கிலத்துக்கு உலக அளவில் ஆறு நிலை வைத்திருக்கிறார்கள். நான்காவது நிலை இருந்தால் பறக்கலாம். இலக்கிய ஆங்கிலம் யாரும் கேட்கவில்லை. ரேடியோவில் தெளிவாகப் பேசவும், எதிரில் பேசுகிறவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும், எதிர்பாராத ஒன்று நடந்தால் அதை விளக்கவும் வர வேண்டும். எனக்கும் தமிழ் வழிப் படிப்புதான். தினமும் ராத்திரி ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்தேன். சத்தமாக, அக்கம்பக்கத்தில் கேட்கிற மாதிரி. ஆறு மாதத்தில் நாக்கு திரும்பிவிட்டது. கூச்சம் போக இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

என் மகன் பிளஸ் டூ முடிக்கப்போகிறான். பைலட் ஆகி, பிறகு பயிற்றுநர் ஆக வேண்டும் என்கிறான். மீஞ்சூர் பக்கம் ஒரு மனை இருக்கிறது. விற்றுவிடலாமா?
– ஒரு தந்தை, பெரம்பூர்

ஐயா, இப்போதைக்கு மனையைத் தொடாதீர்கள். முதலில் பையனின் உடம்பைப் பாருங்கள். கமர்ஷியல் லைசென்ஸுக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். இரண்டாம் வகுப்புச் சான்றில் தொடங்கி அதற்குப் போவார்கள். கண்ணாடி போட்டிருந்தால் பரவாயில்லை, கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறக்குறைபாடு, காது, இதயம் இவற்றில்தான் சிலருக்குத் தடை வரும். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு சில ஆயிரங்கள்தான். பாதிப் பணம் கட்டிய பிறகு மருத்துவத்தில் நின்றுபோன ஒரு பையனின் அப்பா, பயிற்சிப் பள்ளி வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து எழுத்துத் தேர்வுகள். ஏர் ரெகுலேஷன், வானிலை, நேவிகேஷன், டெக்னிக்கல் என்று இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 70 மதிப்பெண் வேண்டும். பறக்கும் பயிற்சிக்குப் பெரிய பணம் கட்டும் முன்பே இவற்றில் இரண்டு மூன்றை வீட்டிலிருந்து படித்து முடிக்கச் சொல்லுங்கள். வானிலையையும் நேவிகேஷனையும் தேறிவிட்டான் என்றால் ஆசை நிஜம் என்று நம்பலாம். லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். இன்றைய விலையில் மொத்தச் செலவு அரைக் கோடியை ஒட்டி வந்துவிடும். டைப் ரேட்டிங் தனி, பயிற்றுநர் பயிற்சி தனி. இது எல்லாம் தெரிந்த பிறகு, மனையை விற்பதா, கடன் வாங்குவதா என்று அவனையும் அவன் அம்மாவையும் உட்கார வைத்துப் பேசுங்கள். எந்தத் தவணை யார் தலையில் என்று அவனுக்கும் தெரிந்திருக்கட்டும்.

டெக்சாஸில் இருக்கும் என் அக்கா, ‘இங்கே வந்து இன்ஸ்ட்ரக்டர் ஆகிவிடு, உடனே வேலை’ என்கிறார். உண்மையா?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பாதி உண்மை. அங்கே ஏர்லைன் விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். லைசென்ஸ் வாங்கும்போது 250 மணி நேரம்தான் இருக்கும். நடுவில் உள்ள தூரத்தைக் கடக்கப் பெரும்பாலானவர்கள் பயிற்றுநர் ஆகிறார்கள். அதனால் அங்கே இளம் பயிற்றுநர்கள் நிறைய, மாறிக்கொண்டும் இருப்பார்கள்.

பயிற்றுநர் ஆக 18 வயது ஆகியிருக்க வேண்டும், கமர்ஷியல் லைசென்ஸும் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் இன்ஸ்ட்ருமென்ட் தகுதியும் வேண்டும். மேலே டீச்சருக்குச் சொன்ன கற்பித்தல் தேர்வு ஒன்று, விமானப் பாடத் தேர்வு ஒன்று, அப்புறம் தேர்வாளரோடு நேர்முகமும் பறத்தலும். அந்த நேர்முகம் காலையில் தொடங்கினால் மதியம் தாண்டும். முன்பெல்லாம் அந்தச் சான்றிதழில் 24 மாதத்துக்கு ஒரு காலாவதித் தேதி அச்சடித்திருப்பார்கள். 2024 டிசம்பரிலிருந்து அந்தத் தேதி இல்லை. ஆனால் 24 மாதத்துக்குள் கற்பித்த அனுபவத்தையோ புத்தாக்கப் பயிற்சியையோ காட்டியாக வேண்டும் என்பது மாறவில்லை.

சிக்கல் விசாவில். வெளிநாட்டு மாணவர்கள் பெரும்பாலும் தொழிற்பயிற்சிக்கான எம்-1 விசாவில் போகிறார்கள். அதில் படிப்புக்குப் பிறகு பயிற்சியாக வேலை பார்க்க அதிகபட்சம் ஆறு மாதம்தான், அதுவும் படித்த காலத்தைப் பொறுத்து. எஃப்-1 விசா தரும் பள்ளிகள் குறைவு, அதில் ஒரு வருஷம் கிடைக்கும். இதற்கு முன்னால் அவர்களுடைய போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் (டிஎஸ்ஏ) சரிபார்ப்பும் உண்டு. திரும்பி வந்தால் அந்தப் பயிற்றுநர் சான்றிதழை நீட்டி இங்கே உடனே வகுப்பு எடுத்துவிட முடியாது, டிஜிசிஏயிடம்தான் போக வேண்டும். அக்காவிடம் ‘உடனே வேலை’ என்றால் எந்த விசாவில் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பள்ளியிலும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

எனக்கு 14 வயது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். மாணவர் தப்பு செய்து விமானம் சுற்றிக்கொண்டு விழுந்தால் டீச்சர் என்ன செய்வார்? பயமாக இருக்காதா?
– ஒரு மாணவன், காசிமேடு

தம்பி, நீ கேட்டதற்கு ஸ்பின் என்று பெயர். விமானம் போதுமான வேகம் இல்லாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தால் இறக்கையில் காற்று சரியாக ஓடாது, தூக்கும் சக்தி போய்விடும். அந்த நேரத்தில் ஒரு பக்க இறக்கை இன்னொன்றைவிட அதிகமாகச் சக்தி இழந்தால், விமானம் அந்தப் பக்கம் சாய்ந்து, மூக்கைக் கீழே நட்டுச் சுழலும். கண்ணாடியில் வானம் இருக்காது. வயலும் ரோடும் பம்பரத்தின் மேலிருந்து பார்க்கிற மாதிரி சுற்றும்.

கை என்ன செய்யத் துடிக்கும் தெரியுமா? தரை கிட்டே வருகிறது, மேலே இழு என்று துடிக்கும். இழுத்தால் சுழற்சி நிற்காது. பவரை முழுக்கக் குறைத்து, இறக்கைக் கட்டுப்பாட்டை நடுவில் வைத்து, சுழல்கிற பக்கத்துக்கு எதிர்ப் பக்க ரடர் (வால் சுக்கான்) மிதியை முழுசாக மிதித்து, யோக்கை முன்னால் தள்ள வேண்டும். சுழல் நின்றதும் மிதியை விட்டுவிட்டு மெதுவாக மேலே இழுக்க வேண்டும். அமெரிக்காவில் சாதாரண பைலட்டுக்கு இந்தப் பயிற்சி கட்டாயம் இல்லை, பயிற்றுநர் ஆகிறவருக்குக் கட்டாயம். மாணவன் இழுக்கிறபோது பக்கத்தில் ஒருவர் தள்ள வேண்டுமே, அதனால்தான். அதோடு எல்லா விமானத்திலும் செய்யக்கூடாது, ஸ்பின்னுக்கு அனுமதி உள்ள விமானத்தில், நல்ல உயரத்துக்குப் போய்த்தான் செய்வோம்.

முதல் தடவை எனக்குப் பயமாகத்தான் இருந்தது. தொண்டை வறண்டுவிட்டது. ஐந்தாவது தடவை, எத்தனை சுற்று என்று எண்ண முடிந்தது. பத்தாவதில் சுற்றும்போதே உயரமானியைப் படித்து வாயால் சொல்ல முடிந்தது. அதன் பிறகுதான் என் பயிற்றுநர் என் பெயரைத் தேர்வுக்குக் கொடுத்தார்.

16 வயதானால் நீ மாணவர் விமானி உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். அதில் கணக்கில் எத்தனை வாங்கினாய் என்று எனக்கு எழுது.